மணவாளக்குறிச்சி மணலும் அணுவின் கணக்கும்

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழன்பர்களுள் பலர், சொந்த ஊருக்குச் செல்லும்போது குளச்சலை அடுத்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையைக் கண்டிருப்பர். அங்கே மணல் வெண்மையாக இராது. கருமையும் செம்மையும் கலந்து கிடக்கும். கருமை இல்மனைட்டால் வருவது. செம்மை கார்னெட்டால் வருவது. இவற்றினிடையே மஞ்சளும் பழுப்புமாய்ச் சிறு மணிகள் உண்டு. அவையே மோனசைட்.

1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இம்மணலின் மதிப்பைக் கண்டறிந்தார். ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலே அவருக்கு வழிகாட்டிற்று என்று சொல்வதுண்டு. அடுத்த ஆண்டே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை எழுந்தது. அந்நாளில் இக்கரை திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை தோரிய ஆக்ஸைடு உள்ளது. கலியாண ஊர்வலங்களில் ஒளி வீசிய காஸ் விளக்குகளின் மாண்டில் இப்பொருளால் ஆனதே. ஆகவே, விளக்கு வாணிபத்துக்காகவே நம் மணல் முதலில் கப்பலேறிற்று.

இதற்குள் அறிஞர் உலகில் வேறொரு கேள்வி எழுந்திருந்தது. தோரியம் தானே சிதைந்து வேறு மூலகமாக மாறுகிறது என்பதை ரூதர்ஃபோர்டும் ஸாடியும் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டியிருந்தனர். அம்மாற்றத்தின் முடிவு யாது? ஈயம் என்றார் ஸாடி. அந்த ஈயம் சாதாரண ஈயத்தினின்றும் எடையில் வேறுபட வேண்டும் என்றும் கூறினார். ஒரே மூலகமாயிருந்தும் எடையில் வேறுபடும் அணுக்களுக்கு, 1913இல் ‘ஐசோடோப்’ என்று பெயர் வழங்கினார். ‘ஒரே இடம்’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

சோதனைக்கு உதவியது இலங்கை மண். அத்தீவின் கனிமங்களை ஆனந்த குமாரசுவாமி ஆராய்ந்த காலத்திலேயே அங்குள்ள தோரியக் கனிகள் புகழ் பெற்றிருந்தன. இலங்கைத் தோரைட்டிலிருந்து ஈயத்தைப் பிரித்து ஸாடி அளந்தார். சாதாரண ஈயத்தின் அணு எடை 207.2, இந்த ஈயத்துக்கோ ஏறக்குறைய 207.7. வேதியியலில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. தராசு மட்டுமே வேற்றுமையைக் காட்டிற்று.

காரணம் என்ன? அணுவின் கருவில் ப்ரோட்டான், நியூட்ரான் என இருவகைத் துகள்கள் உள்ளன. ப்ரோட்டான்களின் எண்ணிக்கையே அணு எண். மூலகம் இன்னது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. மின்னேற்றம் பெறாத அணுவில் எலெக்ட்ரான்களும் அதே எண்ணிக்கையில் இருக்கும். கருவிலுள்ள இருவகைத் துகள்களின் கூட்டுத்தொகை நிறை எண். அதிலிருந்து அணு எண்ணைக் கழித்தால் நியூட்ரான்களின் எண்ணிக்கை வரும். இவ்வளவே கணக்கு. ஆயினும் 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்த பின்னரே இக்கணக்கு தெளிவாயிற்று.

தோரியத்தின் அணு எண் 90; நிறை எண் 232. எனவே நியூட்ரான்கள் 142. அது சிதையும்போது ஆறு ஆல்பாத் துகள்களை வெளியிடும். ஒவ்வொன்றும் இரண்டு ப்ரோட்டான்களையும் இரண்டு நியூட்ரான்களையும் கொண்டு போகும். இடையே நான்கு முறை, ஒரு நியூட்ரான் ப்ரோட்டானாக மாறி எலெக்ட்ரானை உமிழும். 90இல் 12 போய் 4 சேர, 82 ப்ரோட்டான்கள். 142இல் 12உம் 4உம் போக, 126 நியூட்ரான்கள். அதுவே 208 நிறை எண்ணுடைய ஈயம். யுரேனியம் 238 சிதைந்து பிறக்கும் ஈயத்திலோ 82 ப்ரோட்டான்களும் 124 நியூட்ரான்களும் உள்ளன. இரண்டே நியூட்ரான்களின் வேற்றுமை!

இக்கணக்கை மறுபுறம் நடத்தியபோது நம் மணலின் கதியே மாறிற்று. தோரியம் ஒரு நியூட்ரானை ஏற்றால் நிறை எண் 233 ஆகும். பின்னர் இரண்டு நியூட்ரான்கள் ப்ரோட்டான்களாக மாற, 92 ப்ரோட்டான்களும் 141 நியூட்ரான்களும் கொண்ட யுரேனியம் 233 தோன்றும். அது பிளந்து பெருஞ்சக்தி தரவல்லது. இது 1940களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. அதன்பின் விளக்குச் சரக்காயிருந்த மோனசைட் அரசியல் பொருளாயிற்று. 1947இல் திருவிதாங்கூர் தனித்து நிற்கும் என்று திவான் சி. பி. ராமசுவாமி ஐயர் அறிவித்த நாள்களில், இம்மணலும் அரசாங்கங்களின் பேச்சில் இடம் பெற்றது.

சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1950இல் இந்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் சேர்ந்து இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தை அமைத்தன. 1952இல் ஆலுவாயில் மோனசைட் ஆலை திறக்கப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை மாறிற்று. மணவாளக்குறிச்சி தமிழர் மாநிலத்தில் சேர்ந்தது. ஆலுவாயும் சவரைக் கரையும் கேரளத்தில் நின்றன. எல்லைக் கோடு இடையே விழுந்தபோதிலும் மணலும் ஆலையும் ஒரே தொழிலின் உறுப்புகளாகவே இருந்தன.

1996இல் கல்பாக்கத்தில் காமினி என்ற சிறு அணு உலை யுரேனியம் 233ஐக் கொண்டு இயங்கத் தொடங்கிற்று. அதன் ஆற்றல் 30 கிலோவாட்டே. ஊருக்கு மின்சாரம் தர அமைந்ததன்று. தோரியத்தால் பெருமளவில் மின்சாரம் ஆக்கும் பணி இன்னும் எஞ்சியே நிற்கிறது. காலடியில் பொருள் கிடப்பதனால் மட்டும் ஒரு நாடு செல்வமடைவதில்லை. மணலைப் பிறர் மூட்டை கட்டியபோது நமக்குக் கிடைத்தது கூலி. அதன் அணுவை எண்ணக் கற்ற பின்னரே அது நமக்கு உரிமைப் பொருளாயிற்று.