சிலேட்டில் எழுதியதும் தாளில் ஏறியதும்

1902இல் ரமணாசிரமம் என்று ஒன்று இல்லை. மலைமேல் விருபாட்சி குகையில் இருபத்திரண்டு வயது ரமணர் இருந்தார். தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த்துறை ஊழியரான சிவப்பிரகாசம் பிள்ளை, அரசு வேலையாகத் திருவண்ணாமலைக்கு வந்த இடத்தில் குகைக்கு ஏறி, ‘நான் யார்?’ என்று கேட்கத் தொடங்கினார். ரமணர் அப்போது பேசுவதில்லை. மணலில் விரலால் எழுதினார், சிலேட்டில் எழுதினார், சமயத்தில் துண்டுத் தாளிலும்.

சிலேட்டில் அடுத்த பதில் ஏற வேண்டுமானால் முந்தையது அழிந்தாக வேண்டும். பிள்ளை குறித்துவைத்தவைதான் மிஞ்சின. அவை புத்தகமானது 1923இல். அப்படியானால் பதில் ‘எழுதி முடிந்தது’ எப்போது?

சர்வரில் டிஸ்க்கின் எழுதும் வேகத்தை அளப்பவர்கள் வழுக்குவதும் இந்தக் கேள்வியில்தான். லினக்ஸில் ‘டிடி’ கட்டளையால் ஒரு ஜிகாபைட் கோப்பை எழுதிப் பார்த்தால், அந்த டிஸ்க்கால் ஒருநாளும் முடியாத வேகம் திரையில் வந்து நிற்கும். காரணம், தரவில் பெரும்பகுதி டிஸ்க்கைத் தொடவே இல்லை, ரேமில் கிடக்கிறது. கெர்னல் அதைப் பிறகு சாவகாசமாக இறக்கும். அதற்குள் கரண்ட் போனால் போனதுதான். தரவை டிஸ்க்கில் இறக்கிவிடச் சொல்லும் ‘எஃப்சிங்க்’ அழைப்பு முடியும்வரை கடிகாரத்தை ஓடவிட்டால் உண்மையான எண் தெரியும். டிஸ்க் விற்பவர்களுக்கு அந்த எண் அவ்வளவாகப் பிடிக்காது.

இந்தக் குழப்பம் பழையது. 1984இல் பெர்க்லியில் மெக்குசிக்கும் சகாக்களும் வேகக் கோப்பு முறைமை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். முதல் யூனிக்ஸ் கோப்பு முறைமை டிஸ்க்கின் திறனில் ஏறத்தாழ 2 சதவீதத்தைத்தான் பயன்படுத்தியது என்கிறது கட்டுரை. வேடிக்கை என்னவென்றால், பழைய முறைமையில் படிப்பதைவிட எழுதுவது வேகமாகத் தெரிந்தது. எழுத வேண்டியவை உடனுக்குடன் இறங்காமல் வரிசையில் காத்திருந்ததால், டிஸ்க்குக்கு வசதியான ஒழுங்கில் அவற்றை அடுக்கி அனுப்ப முடிந்தது. புதிய முறைமையில் இது தலைகீழானது. புதுக் கோப்புக்கு டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் வேலை கூடிப்போனதே காரணம்.

திருவண்ணாமலையில் தாளுக்கு நேரே போன பதில்களும் உண்டு. நகராட்சி ஓவர்சியர் கம்பீரம் சேஷய்யர் 1900 முதல் 1902 வரை கேட்டவற்றுக்கு ரமணர் துண்டுத் தாள்களில் விடை எழுதித் தந்தார். சேஷய்யர் இறந்த பிறகும் தாள்கள் இருந்தன. அவற்றிலிருந்து ரமணரின் அடியார் நடனானந்தர் தொகுத்ததுதான் ‘விசார சங்கிரகம்’ நூல்.

பின்னாளில் எழுந்த ஆசிரமத்தின் கூடத்தில் ரமணர் பேசியதை முனகால வெங்கடராமையா 1935 முதல் 1939 வரை ஆங்கிலத்தில் குறித்துவந்தார். அந்தக் குறிப்புகள் அச்சேறியது 1955இல், ரமணர் மறைந்து ஐந்து ஆண்டுகள் கழித்து.