தண்டையலின் சொல்லும் சட்டத்தின் தண்டனையும்

கடலோடிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கலங்களின் வரலாற்றையே எழுதி அமைகின்றனர். 1930ஆம் ஆண்டில் வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி, வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கரால் வாங்கப்பெற்று, நம்மவர் செலுத்த, 1938 ஓகஸ்ற் மாதத்தில் மாசாச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தமை நாம் பெருமையோடு கூறும் செய்தியாகும். ஆயின் கப்பலில் உழைத்த மாலுமி எவ்வொழுங்கிற்கு உட்பட்டிருந்தான் என்பது ஆராயப்படாதுள்ளது.

வடமராட்சிப் பாய்க்கப்பல்களில் தண்டையலின் சொல்லே கட்டளை. உடையவரும் தண்டையலும் மாலுமிகளும் பெரும்பாலும் ஓரூரவர், உறவினர். கடலில் இழைத்த கொடுமைக்குக் கரையில் உறவின்முன் விடை கூறவேண்டியிருந்தமையால் தண்டையலின் அதிகாரத்திற்கு ஓர் எல்லை இருந்தது எனலாம்.

பிரித்தானிய நீராவிக் கப்பல்களின் நிலை வேறு. லஸ்கார் எனப்பட்ட ஆசிய மாலுமிகளைப் பிரித்தானிய மாலுமிகளாகக் கொள்ளலாகாதென 1823ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அவர்தம் ஊதியம் வெள்ளை மாலுமியின் ஊதியத்தில் ஒரு சிறு பகுதியே. 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பற்சட்டத்தின்படி, கட்டளையை வேண்டுமென்றே மீறியவனுக்கு நான்கு வாரம்வரை சிறை விதிக்கலாம். நிலத்தில் ஒப்பந்த மீறலாக அமையும் செயல் கடலிற் குற்றமாயிற்று. 1939இற் போர் மூண்டபோது ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தஞ் செய்த இந்திய மாலுமிகள் நூற்றுக்கணக்கிற் சிறைப்பட்டமைக்கு இதுவே அடிப்படை. அன்னபூரணி சென்றடைந்த அமெரிக்காவோ, வணிகக் கப்பல்களிற் கசையடியை 1850இலேயே ஒழித்தது. கப்பலை விட்டோடியோரைச் சிறையிடும் வழக்கத்தை 1915இல் நீக்கியது.

இவ்வொப்பீட்டினால் நமது பாய்க்கப்பலே சிறந்ததென முடிவுசெய்தல் பொருந்தாது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையானதெனினும், மாலுமிமீது சாட்டப்பட்ட குற்றம் கப்பற்பதிவேட்டில் எழுதப்பட்டு அவனுக்கு வாசித்துக் காட்டப்படவேண்டும். அவன் கூறும் மறுமொழியும் பதியப்படவேண்டும் என விதித்தது. உறவை நம்பிய கப்பலில் இத்தகைய ஏட்டிற்கு இடமில்லை. தண்டையல் நல்லவனாயின் மாலுமி வாழ்ந்தான். அல்லனாயின் அவன் முறையீடு அலையோடு கலந்தது. உறவிலாத கப்பலிலோ, எழுதப்பட்ட மறுமொழியை வாசிப்போர் அவனைத் தண்டிப்போராகவே இருந்தனர்.

அன்பும் ஏடும் தனித்தனியே போதா என்பதே இவ்வரலாறு உணர்த்துவது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் எழுத்திலமைந்த ஒப்பந்தத்தையும், கப்பலிலேயே முறையிடும் உரிமையையும், முறையிட்டவனைப் பழிவாங்காமையையும் வலியுறுத்துகின்றது. அன்னபூரணியைப் போற்றும் நாம், அதன் பாய்மரத்தின் உயரத்தோடு அதனை ஏற்றி இறக்கிய கைகளின் உரிமையையும் அளந்தறிதல் கடனாம்.