ஏ போர்ட்டியா, மொறிஸ் மைனரா?



யாழ்ப்பாணத்தில் நாலு பேர் கூடிப் பழைய கார்க் கதை எடுத்தால் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். எங்கள் பெரியவர்களும் ஒஸ்ரின் கட்சி, மொறிஸ் கட்சி என்று பிரிந்துவிடுவார்கள். ஒருதரம் கணக்கை எடுத்துப் பார்ப்போமே.

ஒஸ்ரின் ஏ 40 சொமர்செற் 1952 முதல் 1954 வரைதான் செய்யப்பட்டது. 1200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு. கனத்த அடிச்சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய கார். முழுதாக மிதித்தால் மணிக்கு 70 மைலை ஒட்டி வரும். கியர், ஸ்ரேரிங்குக்குப் பக்கத்தில்.

மொறிஸ் மைனர் 1948இல் வந்தது, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. அதற்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். ஆகவே பாரம் குறைவு. முதலில் 918 சிசி. 1952இலிருந்து 803 சிசி (ஏற்றத்தில் திணறும், நல்லகாலம் எங்கள் மண் தட்டை). 1956இல் 948 சிசி, 37 குதிரைவலு. அந்த 'மைனர் 1000' சின்ன எஞ்சினை வைத்துக்கொண்டே ஏ 40ஐ முந்திவிடும். வளைவில் பிடிமானமும் அதற்குத்தான். ஒரு விசயம், மொறிஸ் கட்சிக்காரர் கோபிக்கக்கூடாது: 1952இல் இரண்டு கொம்பனிகளும் ஒன்றாகின. அதன்பிறகு மைனருக்குள் இருந்தது ஒஸ்ரின் எஞ்சின்!

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் புதுக் கார் இறக்குமதி சுருங்கியது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓடினார்கள். ஆனால் உண்மையான பரீட்சை 1990இல் யுத்தம் மறுபடி மூண்டு, பொருளாதாரத் தடை வந்தபோதுதான். பெற்றோல் இல்லை. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னமே வெடித்துத் தட்டும். ஏ 40இன் அமுக்க விகிதம் 7.2க்கு 1, மைனர் 1000க்கு 8.3க்கு 1. காகிதத்தில் வென்றது மைனர். மண்ணெண்ணெய்க்குத் தோதானது ஏ 40. எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்குவது மட்டும் இரண்டுக்கும் பொது. ஒயிலை அடிக்கடி மாற்றாதவரின் எஞ்சின் தேய்ந்துபோகும். எங்கள் வாக்கு ஏ 40க்கே.

இதையெல்லாம் நாங்கள் கேட்டறிந்தது அயலிலுள்ள தமிழ் மெக்கானிக் ஐயாமாரிடம். ஏனென்றால் அந்த மண்ணெண்ணெய்க் காலத்தில் எங்கள் சமூகம் இங்கே இல்லை. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். வீட்டைப் போலவே கார், லொறிகளையும் அப்படியே விட்டுத்தான் போனார்கள். புத்தளத்து முகாம்களில் பிறந்த எங்கள் வயதுக்காரருக்கு, எந்த வீட்டு வாசலில் எந்தக் கார் நின்றது என்பதே தெரியாது.

வீடு, காணிக்கு உறுதி இருக்கிறது. வாகனங்களை யாரும் பட்டியலிட்டதாக நாங்கள் கண்டதில்லை. உங்கள் வாப்பாவோ அப்பாவோ ஓட்டிய காரின் இலக்கம் ஞாபகமிருந்தால் கீழே எழுதுங்கள். 1957இல் ஸ்ரீ எழுத்துத் தகடு வருவதற்கு முந்திய ஆங்கில எழுத்து இலக்கமென்றாலும் சரி, கலியாணப் படத்தில் பாதி தெரியும் பொனற் என்றாலும் சரி. பாடசாலைப் பிள்ளைகளை வைத்து ஒரு கொப்பியில் பதியத் தொடங்கியிருக்கிறோம்.