அரசன் முகத்தில் வெட்டு

1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் 501 உரோமப் பொற்காசுகள் இருந்தன. காலத்தால் பிந்தியவை, கி.பி. 69 முதல் 79 வரை ஆண்ட வெஸ்பேசியன் காலத்தவை. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசன் தலைமீது ஆழ்ந்த வெட்டு ஒன்று காணப்படுகிறது. இது காசு அடிக்கும்போது நேர்ந்த பிழையா, பின்னர் நேர்ந்த சிதைவா?

இதனை அறியக் காசு பிறந்த விதத்தை அறிதல் வேண்டும். உரோமத் தங்கசாலையில் (இச்சொல்லைச் சென்னையின் தெருப்பெயர் ஒன்று இன்றும் காத்து வருகிறது) கீழச்சைப் பட்டடையில் பொருத்தி, அதன்மேல் பொன்வில்லையை வைத்து, மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பர். வில்லை விலகினால் உருவம் ஓரத்தில் ஒதுங்கும்; இருமுறை அடிபட்டால் இரட்டிக்கும். முன்னர் அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டதை அறியாமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தாலோ வேடிக்கைதான்! ஒரு பக்கத்தில் தலை புடைப்பாகவும், மறுபக்கத்தில் அதே தலை இடவலம் மாறிக் குழிவாகவும் விழும்.

அச்சே கீறலுற்றால் என்னவாகும்? பலர் தடுமாறுவது இங்கேதான். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாகும். ஆதலின் அச்சின் விரிசல் காசில் மெல்லிய வரப்புப்போல் எழுந்து நிற்கும். அவ்வச்சில் பின்னர் அடித்த காசுகளிலும் அதே இடத்தில் தோன்றும். காசுமாலையில் கோக்க இட்ட துளையை எவரும் அச்சுப்பிழை என்னார். வெட்டைக் கண்டால் மட்டும் ஐயம் பிறக்கிறது.

புதுக்கோட்டைக் காசுகளின் வெட்டு மேடன்று, குழிவு. கையால் வெட்டியதாதலின் காசுக்குக் காசு இடமும் சாய்வும் மாறுகின்றன. ஆகவே, அச்சு முடிந்தபின் உளி கொண்டு வேண்டுமென்றே செய்யப்பட்ட வெட்டு இது. பிழையென்று ஒதுக்கினால், காசைக் கையாண்டவர் விட்டுச் சென்ற ஒரே சான்றையும் இழந்துவிடுவோம். இத்தகைய வெட்டுகள் இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளிலேயே மிகுதி.

ஏன் வெட்டினர்? உள்ளே செம்பு உண்டோ என்று சோதித்தனர் என்பர் சிலர். அதற்கு ஓரத்தில் ஒரு கீறல் போதுமே. முகத்தைத் தேடி வெட்டுவானேன்? நாணயமாக வழங்குவதைத் தடுக்கவே என்னும் கருத்து இதனினும் பொருந்துகிறது. உளி பொன்னை ஒதுக்குமேயன்றிக் குறைக்காது. வெட்டிய பின்னும் எடை அப்படியே இருக்கும். அரசனின் முத்திரை மட்டும் செல்லாததாகும். அக்காசுகளிற் சில இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.