கிராப்ஸ் மேசையின் கணக்கு: பகடை எறியும் முன் அறிய வேண்டியவை

சவளக்கடையிலிருந்து கொழும்பின் கசினோக்கள் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் பக்கத்திலுள்ள கல்முனைக்குப் போவதே பெரும்பாடு. ஆனால் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்ட கசினோவுக்குத் தாம்போதியும் இல்லை, பஸ் கட்டணமும் இல்லை. அதில் காட்டப்படும் ஆட்டங்களில் ஒன்று கிராப்ஸ். இரண்டு பகடைகளை எறிந்து பந்தயம் கட்டும் ஆட்டம். அதன் விதிகளையும், அந்த விதிகளுக்குள் பணம் எப்படி நகர்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக ஆடப்பட்ட ‘ஹசார்ட்’ என்ற பகடை ஆட்டமே இதன் மூலம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரம் வழியாக அது எளிமையாகிப் பரவியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் படுக்கை விரிப்பின் மேல் பகடை எறிந்து இதை ஆடினார்கள். போர் முடிந்தபின் லாஸ் வேகாஸ் கசினோக்களின் முக்கிய மேசைகளில் ஒன்றானது.

தாயம் தெரிந்தால் பாதி தெரியும்

பித்தளைத் தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு ஒரு விடயம் தெரியும்: எல்லா எண்ணும் ஒரே அளவில் விழுவதில்லை. 0, 1, 2, 3 என்று புள்ளியிட்ட இரண்டு கட்டைகள் 16 விதமாக விழலாம். அதில் மூன்று 4 விதமாக வரும். ஆட்டத்தைத் தொடங்கத் தேவையான தாயமோ 2 விதமாகத்தான் வரும். தாயத்துக்குக் காத்திருந்து அலுத்துப் போவது அதனால்தான்.

கிராப்ஸும் இதே கணக்குத்தான். ஆறு முகப் பகடைகள் இரண்டு 36 விதமாக விழலாம். கூட்டுத்தொகை 7 வருவதற்கு 6 வழிகள் உண்டு. 6, 8 ஆகியவற்றுக்குத் தலா 5. 5, 9 ஆகியவற்றுக்குத் தலா 4. 4, 10 ஆகியவற்றுக்குத் தலா 3. 3, 11 ஆகியவற்றுக்குத் தலா 2. 2, 12 ஆகியவற்றுக்குத் தலா ஒரே ஒரு வழி. இந்தப் பட்டியலை மனதில் வைத்திருந்தால் மேசையில் உள்ள எந்தப் பந்தயத்தையும் எடை போடலாம்.

ஆட்டம் நடக்கும் விதம்

புதியவருக்கு முதலில் காட்டப்படுவது ‘பாஸ் லைன்’ பந்தயம். பணத்தை அந்தக் கோட்டில் வைத்த பின் பகடை எறியப்படும். முதல் எறிவில் 7 அல்லது 11 வந்தால் வைத்த அளவு பணம் கூடக் கிடைக்கும். 2, 3, 12 வந்தால் வைத்த பணம் போகும். மற்ற எண்களில் ஒன்று (4, 5, 6, 8, 9, 10) வந்தால் அது ‘பொயின்ட்’ ஆகும். அதன்பின் அதே எண் மீண்டும் வரும்வரை எறிவார்கள். பொயின்ட் முதலில் வந்தால் வெற்றி, 7 முதலில் வந்தால் தோல்வி. முதல் எறிவில் நண்பனாக இருந்த 7, இரண்டாம் எறிவிலிருந்து எதிரியாகிவிடுகிறது.

முழுவதையும் கூட்டிப் பார்த்தால், 495 ஆட்டங்களுக்குச் சராசரியாக 244 வெற்றி, 251 தோல்வி. வித்தியாசம் ஏழே ஏழு. அதாவது 100 ரூபாய் பந்தயத்துக்கு ஏறத்தாழ 1 ரூபாய் 41 சதம் விடுதிக்கு. இதற்கு நேர்மாறான ‘டோன்ட் பாஸ்’ பந்தயத்தில் விடுதியின் பங்கு 1 ரூபாய் 36 சதம்.

பொயின்ட் விழுந்த பின் பாஸ் லைனுக்குப் பின்னால் கூடுதலாக வைக்கும் ‘ஒட்ஸ்’ பந்தயத்தில் மட்டும் விடுதிக்குப் பங்கு இல்லை. 4, 10 ஆகியவற்றுக்கு ஒன்றுக்கு இரண்டும், 5, 9 ஆகியவற்றுக்கு இரண்டுக்கு மூன்றும், 6, 8 ஆகியவற்றுக்கு ஐந்துக்கு ஆறும் கொடுப்பார்கள். இது நியாயமான கொடுப்பனவு. ஆனால் பாஸ் லைனில் பணம் வைத்தவரே இதை வைக்க முடியும். மேசையில் இருக்கும் பணம் பெருகுவதால் கையிருப்பு இன்னும் வேகமாக ஏறி இறங்கும்.

நடு மேசையின் கவர்ச்சி

மேசையின் நடுவில் பெரிய கொடுப்பனவு எழுதிய பந்தயங்கள் இருக்கும். ‘எனி செவன்’ அவற்றில் ஒன்று. அடுத்த எறிவில் 7 விழுந்தால் ஒன்றுக்கு நான்கு. 7 விழுவது ஆறில் ஒரு தடவை என்பதால் நியாயமாக ஒன்றுக்கு ஐந்து கொடுக்க வேண்டும். கொடுக்காத அந்த ஒரு பங்குதான் விடுதியின் வருமானம். நூறு ரூபாய்க்கு 16 ரூபாய் 67 சதம். 12 விழுந்தால் ஒன்றுக்கு 30 என்பது இன்னும் ஆசை காட்டும். அது விழுவதோ 36இல் ஒரு தடவை. நியாயப்படி 35 கொடுக்க வேண்டும்.

ஒருவர் 500 ரூபாய் வீதம் ஒரு மணித்தியாலத்தில் 30 தடவை பந்தயம் கட்டுகிறார் என்று வைப்போம். 15,000 ரூபாய் கைமாறுகிறது. பாஸ் லைனில் சராசரி இழப்பு சுமார் 212 ரூபாய். எனி செவனில் 2,500 ரூபாய். விடுதி யாரையும் ஏமாற்றத் தேவையில்லை. ஆட்டம் தொடர்ந்து நடந்தாலே போதும்.

சிறிய பையும் பெரிய பையும்

‘நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் கூட இல்லையே, வட்டிக்காரன் இதைவிட அதிகம் எடுக்கிறானே’ என்று தோன்றலாம். புதியவர் விழும் இடம் இதுதான். கையில் 5,000 ரூபாயுடன் 500 ரூபாய் வீதம் பாஸ் லைனில் ஆடி, அதை 10,000 ஆக்கிவிட்டு எழும்ப நினைப்பவருக்கு வாய்ப்பு நூற்றுக்கு 43. அதை 50,000 ஆக்கி ஒரு கடனை அடைக்க நினைப்பவருக்கு வாய்ப்பு நூற்றுக்கு இரண்டே இரண்டு. மற்ற 98 பேரும் வெறுங்கையுடன் போவார்கள். இலக்கு பெரிதாகப் பெரிதாக, அதிக நேரம் ஆட வேண்டி வருகிறது. நேரம் கூடக் கூட, அந்தச் சிறிய பங்கு திரும்பத் திரும்ப வெட்டப்படுகிறது. விடுதியின் பை தீராது, நம்முடையது தீரும்.

தோற்றால் இரட்டிப்பாக வைத்து இழந்ததை மீட்கலாம் என்பது அடுத்த பொறி. 500இல் தொடங்கி ஏழு தடவை தொடர்ந்து தோற்றால் போனது 63,500 ரூபாய். வென்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இலாபம் 500தான். பாஸ் லைனில் தொடங்கும் அப்படியான முயற்சிகளில் சுமார் 116க்கு ஒன்று இவ்வாறு முடியும். ‘இவ்வளவு நேரம் 7 வரவில்லை, இனி வந்தே தீரும்’ என்பதும் பிழை. பகடைக்கு ஞாபகம் கிடையாது.

சட்டமும் கைத்தொலைபேசியும்

இலங்கையில் 1889ஆம் ஆண்டிலேயே சூதாட்டக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. கசினோ தொழிலுக்கு அனுமதி தேவை என்று 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. 2025 ஓகஸ்டில் கொழும்பில் ‘சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ்’ திறக்கப்பட்டது. அதே ஆண்டில் உள்நாட்டவருக்கான கசினோ நுழைவு வரியை 50 டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்த அமைச்சரவை தீர்மானித்தது. உள்நாட்டவர் எளிதில் நுழையக்கூடாது என்பதற்காக வாசலில் ஒரு தடை இருக்கிறது. கைத்தொலைபேசியில் அந்த வாசலே இல்லை.

அங்கே விழுவது பகடையும் அல்ல, ஒரு கணினி நிரல் தரும் எண். வெளிநாட்டில் இயங்கும் தளம் வென்ற பணத்தைத் தராவிட்டால் முறையிட்டு மீட்பது மிகக் கடினம். ‘போனஸ்’ தொகையை எடுப்பதற்கு முன் அதைப் போலப் பல மடங்கு பந்தயம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அதைச் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இழக்கக்கூடிய பணம் யாரிடம் இருக்கிறது?

கசினோ ஆலோசனைகள் எல்லாம் ‘இழந்தாலும் பரவாயில்லை என்ற பணத்தை மட்டும் கட்டுங்கள்’ என்று சொல்லும். போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் எல்லாம் போய், ஆரம்பத்திலிருந்து மீண்டும் தொடங்கிய கரையோரத்தில் அப்படிப்பட்ட பணம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய காசுக்கும், நுண்கடன் தவணைக்கும், வேளாண்மைக்கு வைத்த முதலுக்கும் ஏற்கெனவே பெயர் எழுதியாகிவிட்டது. அருகருகே வாழும் இரு சமூகங்களின் மரபும் இதில் ஒன்றுதான். திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. குர்ஆன் அதை மதுவுடன் சேர்த்து விலக்கியிருக்கிறது.

கணக்கைப் பார்க்க விரும்புபவர் இரண்டு பகடையும் ஒரு கொப்பியும் எடுத்து, புளியங்கொட்டையைப் பணமாக வைத்து வீட்டில் இருநூறு ஆட்டம் ஆடிப் பார்க்கலாம். கற்பதற்குச் சதமும் செலவாகாது.

ஏற்கெனவே சிக்கியவர்களுக்கு ஒன்று: இழந்ததை மீட்பதற்காக மீண்டும் ஆடுவதும், வீட்டாரிடம் மறைப்பதும், ஆடுவதற்காகக் கடன் வாங்குவதும் சூதாட்ட நோயின் அறிகுறிகள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் அது இடம்பெற்றிருக்கிறது. வெட்கப்பட வேண்டியதில்லை, சிகிச்சை உண்டு. அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவை நாடலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். முதலில் கடன் எவ்வளவு என்ற உண்மையான தொகையை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிடுவது நல்லது. மறைத்த கடனை மீட்பதற்குத்தான் அடுத்த பந்தயம் கட்டப்படுகிறது.