கடல் கடந்த குரலும் அதன் காவலும்

செய்தித் தொடர்பின் வரலாறு ஒருவகையில் ஒட்டுக்கேட்டலின் வரலாறுமாகும். ஒருவரது குரல் மற்றொருவரைச் சென்றடைய இடையாள் ஒருவர் வேண்டப்படும் வரை, அவ்விடையாளின் செவிக்கும் அக்குரல் எட்டக்கூடும். இடையாள் யார், அவரைக் கட்டுப்படுத்துவது எது என்பனவே காலந்தோறும் மாறி வந்துள்ளன. வளைகுடா நாடுகளுக்கு உழைப்பாளரை அனுப்பிவந்த அம்பாறைக் கரையோரத்தை, சிறப்பாக அதன் தென்பகுதியிலுள்ள பொத்துவிலை மனங்கொண்டு இம்மாற்றத்தை நோக்குதல் பயனுடைத்து.

தொலைபேசியின் தொடக்க காலத்தில் அழைப்பு ஒவ்வொன்றும் இணைப்பகத்தில் இருந்த பணியாளரின் கையாலேயே இணைக்கப்பட்டது. அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர் என்பார், தமக்கு வரவேண்டிய அழைப்புகள் இணைப்பகத்திலேயே போட்டியாளருக்குத் திருப்பப்படுகின்றன என ஐயுற்றே தானியங்கி இணைப்பு முறையை உருவாக்கி, 1891இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பர். இடையாள் மீது கொண்ட அவநம்பிக்கையே ஒரு பெரும் தொழினுட்ப மாற்றத்துக்கு வித்திட்டது என்பது ஈண்டு கருதத்தக்கது.

இலங்கையில் 1970களின் பிற்பகுதி தொட்டு வளைகுடாவுக்கான தொழிற்பெயர்ச்சி பெருகியது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டமை அப்பெருக்கத்துக்குச் சான்றாகும். கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களிலிருந்து ஆண்கள் மட்டுமன்றிப் பெண்களும் வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றனர். அக்காலத்தில் கடிதமும், குரலைப் பதிவு செய்து அனுப்பிய ஒலிநாடாவுமே உறவின் பாலங்களாயின. பின்னர்க் கடைத்தெருக்களில் ‘கொமியுனிகேஷன்’ நிலையங்கள் தோன்றின. அங்கு உம்மாவும் மகளும் பேசும் குடும்பத் துயரை, கடைக்காரரும் வரிசையில் நின்றவர்களும் கேட்காதிருத்தல் அரிது. அந்தரங்கம் என்பது குரலைத் தாழ்த்திப் பேசும் திறமையாகவே அன்று இருந்தது.

இணையவழி அழைப்பு இந்நிலையை மாற்றியது. 1995இல் வோக்கல்டெக் நிறுவனம் இணையத் தொலைபேசி மென்பொருளை வெளியிட்டது. 2003இல் தோன்றிய ஸ்கைப், 2010இல் தோன்றிய வைபர் என்பன அதனைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தன. இம்முறையில் குரல் சிறு சிறு தரவுப் பொதிகளாகப் பகுக்கப்பட்டுப் பல நிறுவனங்களின் கருவிகளைக் கடந்து செல்கின்றது. மறைகுறியாக்கம் இல்லாவிடின் வழியிலுள்ள எவரும் அவற்றைத் திரட்டி மீண்டும் குரலாக்கிக் கேட்கலாம். சேவை வழங்கும் நிறுவனத்தின் கையிலேயே சாவி இருப்பின், அந்நிறுவனம் அதனை அரசிடம் ஒப்படைக்கவும் கூடும். 2013 யூன் மாதம் எட்வர்ட் ஸ்னோவ்டன் வெளிப்படுத்திய அமெரிக்க உளவுத்துறை ஆவணங்களில் ஸ்கைப்பின் பெயரும் இடம்பெற்றிருந்தமை இதனை உலகுக்கு உணர்த்திற்று. பேசும் இருவரின் கருவிகளில் மட்டுமே சாவியை வைக்கும் ‘முனைக்கு முனை’ மறைகுறியாக்கத்தை 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர் அனைவருக்கும் வழங்கியது. நடுவில் நிற்பவர் குரலைக் கேட்க இயலாதெனினும், யார் யாரை எப்போது எவ்வளவு நேரம் அழைத்தார் என்ற விபரம் இதன்பின்னும் சேவையாளருக்குப் புலனாகக்கூடும்.

கேட்க இயலாதபோது வழியையே அடைத்தல் அரசுகளின் அடுத்த நடவடிக்கையாயிற்று. தொலைபேசி நிறுவனங்களின் வருவாய் காத்தலும் இதற்கொரு காரணமாகக் கூறப்பட்டது. சவூதி அரேபியா 2013 யூனில் வைபரைத் தடை செய்தது. விதிகளுக்கு இணங்கும் இணைய அழைப்புச் செயலிகளுக்கு 2017 செப்டெம்பரில் வழிவிட்டது. ஐக்கிய அரபு இராச்சியத்திலோ வாட்ஸ்அப், ஸ்கைப் அழைப்புகள் நீண்டகாலம் தடுக்கப்பட்டிருந்தன. அவ்வேளையில் தடையின்றி இயங்கிய இலவசச் செயலியான டோடொக், 2019இல் பெரிதும் பரவியது. அது அவ்விராச்சியத்தின் உளவுக் கருவியெனப் பெயர் குறிப்பிடாத அமெரிக்க அதிகாரிகளை ஆதாரங்காட்டி நியூயோர்க் டைம்ஸ் அவ்வாண்டு டிசெம்பரில் எழுதியது. நிறுவனத்தார் அதனை மறுத்தனர். எனினும் கூகுளும் அப்பிளும் தத்தம் செயலித் தளங்களிலிருந்து அதனை அகற்றின. பாதுகாப்பான வழி அடைபட்டவிடத்து மக்கள் பேசுவதை நிறுத்துவதில்லை. திறந்திருக்கும் வழியை, அதன் காவலர் யாரென்று ஆராயாமலே நாடுகின்றனர். ஊரிலுள்ள பிள்ளையின் முகத்தைக் காண விழையும் தாய்க்கு அவ்வாராய்ச்சிக்கு அவகாசமுமில்லை.

தாயகத்திலும் இத்தகைய தடை நேர்ந்தது. 2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய் வதந்தியைத் தொடர்ந்து அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்முறை மூண்டபோது அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டு, பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியன சில நாட்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21ஆந் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னும் அவ்வாறே நிகழ்ந்தது. வதந்தி உயிர்களைப் பலிகொள்ளும் என்னும் அரசின் அச்சம் ஆதாரமற்றதன்று. ஆயினும் வதந்தியால் தாக்கப்பட்ட சமூகத்தினரே, கடல் கடந்த உறவினருக்குத் தாம் நலமென்று கூறும் வழியையும் அந்நாட்களில் இழந்தனர். தடையைக் கடக்கப் பலர் மெய்நிகர் தனிவலைச் செயலிகளை நாடினர். அவற்றை நடத்துவோர் புதிய இடையாட்களாயினர்.

மறைகுறியாக்கமும் முழுக் காவலன்று. 2019 மே மாதம், அழைப்பை ஏற்காதபோதும் கைபேசியுள் உளவு மென்பொருளைப் புகுத்தவல்ல குறையொன்று வாட்ஸ்அப்பில் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 1,400 பேர் இலக்காயினர். இஸ்ரேலிய நிறுவனமான என்எஸ்ஓ இதற்குப் பொறுப்பென 2024 டிசெம்பரில் அமெரிக்க நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. இவ்வகை உளவு பெரும்பாலும் அரசியலாளரையும் ஊடகவியலாளரையும் குறிவைப்பது. பணிப்பெண்ணின் நிலை வேறு. எசமானரின் வீட்டில், அவர் முன்னிலையில் பேசுபவளுக்கு எந்தச் சாவியும் காவலாகாது. தன் இன்னலைச் சொல்லத் தனித்த அறையும் தன் கையில் கைபேசியும் இருந்தாலன்றி அவளது குரல் அவளுடையதாகாது.

சட்டத்தின் நிலையையும் நோக்குதல் வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டம், பிறர் செய்தியை முறையின்றி இடைமறித்து அறிவதைக் குற்றமாக்கியது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. எனினும் 1978ஆம் ஆண்டு யாப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்க உரிமை தனித்துக் கூறப்படவில்லை. இந்தியாவிலோ 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் நிகழ்ந்த ஒட்டுக்கேட்டலை ஆராய்ந்த உச்சநீதிமன்றம், தொலைபேசி உரையாடல் அந்தரங்க உரிமையுள் அடங்குமென 1996 டிசெம்பரில் தீர்ப்பளித்து, அதிகாரிகளுக்கு நெறிமுறைகளையும் விதித்தது. அவ்வுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஓகஸ்டில் ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம் உறுதிசெய்தது.

தொகுத்து நோக்குமிடத்து, இணைப்பகப் பணியாளர் முதல் செயலி நிறுவனம் வரை இடையாள் மாறினாரேயன்றி மறைந்தாரல்லர். தொழினுட்பம் அவர் செவியை அடைக்க முயல்கின்றது. அரசு சிலவேளை அம்முயற்சியைத் தடுக்கின்றது. இவ்விரண்டுக்குமிடையே சிக்குண்டோருள் முதன்மையானவர், பேசுதற்கு வேறு வழியில்லாத உழைப்பாளரும் அவர்தம் குடும்பத்தினருமே. உழைப்பாளரை அனுப்பும் நாடு அவர்தம் ஊதியத்தையும் பயணத்தையும் குறித்து ஒப்பந்தம் செய்வது போன்றே, தடையின்றியும் தனித்தும் தம் வீட்டாருடன் பேசும் உரிமையையும் அவ்வொப்பந்தங்களில் இடம்பெறச் செய்தல் வேண்டும். அனுப்பிய பணத்தைக் கணக்கிடும் நாட்டுக்கு, அனுப்பிய குரலைக் காக்கும் கடமையும் உண்டு.