'லெ லோ' ஏன் 'செ லோ' ஆனது? – பழைய குறிப்புக்கு ஒரு திருத்தம்

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த புதிதில் என் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்தேன்: "லெ லோ என்று இரண்டு லகரம் அடுத்தடுத்து வந்தால் காதுக்கு நன்றாக இல்லை, அதனால் லெ, செ ஆகிவிட்டது." வகுப்பில் சொன்னதை அப்படியே எழுதினேன். இரண்டு நண்பர்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அது தப்பு.

முதலில் அடிப்படை. ஸ்பானிஷிலும் 'தா' என்றால் கொடு. (உடனே மொழி உறவு என்று கிளம்பிவிடாதீர்கள், வெறும் தற்செயல். லத்தீன் 'தாரே'யிலிருந்து வந்தது.) மெ என்றால் எனக்கு, லோ என்றால் அதை. மூன்றையும் ஒட்டினால் 'தாமெலோ', அதை எனக்குக் கொடு. 'கொடுக்காதே' என்றால் ஒட்டு கழன்று வினைக்கு முன்னால் போய்விடும்: 'நோ மெ லோ தெஸ்'.

'அவனுக்கு' என்பதற்குத் தனியாக வந்தால் லெ. அப்படியானால் 'அதை அவனுக்குக் கொடு' என்பது 'தாலெலோ' என்றுதானே வரணும்? வருவது 'தாசெலோ'.

வினையோடு ஒட்டிய பெயர்ச்சொற்களைப் பிரிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். இன்றைய உரைநடையில் ஒழுங்காக ஓடியது. ஆசைப்பட்டு எல் சிட் காவியத்தைக் கொடுத்தேன். மாட்ரிட் தேசிய நூலகத்தில் இருக்கும் அதன் ஒரே சுவடி, முடிவில் ஸ்பானிய சகாப்தம் 1245, அதாவது கி.பி. 1207 என்று குறிக்கிறது. அங்கே புரோகிராம் தடுமாறியது. 'செ லோ' வரவேண்டிய இடத்தில் எல்லாம் 'ஜெலோ'!

இந்த ஜெ எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'அவனுக்கு அதை' என்பது 'இல்லி இல்லும்'. 'இல்லி' தனியாக நின்றபோது லெ ஆனது. பின்னால் உயிர் வந்தபோது லகரமும் இகரமும் குழைந்து 'ல்ய' ஆகி, காஸ்டிலில் அது ஜகரமாக மாறியது. லத்தீன் 'முலியெர்' (பெண்) பழைய ஸ்பானிஷில் 'முஜெர்' ஆனதும் இதே வழிதான். ஆக, லெ லோ என்ற ஜோடியே அங்கு இருந்ததில்லை. இல்லாத ஒன்றை யார் காது வெறுக்கும்? தவிர, 'பாரலெலோ' என்று இன்றும் சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

பிறகு ஜகரம் ஒலிப்பை இழந்து 'ஷ' போல ஆனது. காஸ்டிலிய சகரமும் அதற்கு நெருக்கமான ஒலிதான். ஏற்கெனவே 'தனக்கு' என்ற பொருளில் ஒரு 'செ லோ' புழக்கத்தில் இருந்தது. இரண்டும் குழம்பி, 16ஆம் நூற்றாண்டில் 'ஜெ லோ' போய் 'செ லோ' நிலைத்தது. குழம்பாமல் தப்பித்த 'முஜெர்' பின்னர் 'முஹேர்' ஆகிவிட்டது. ஜெயும் தப்பித்திருந்தால் இன்று 'ஹெ லோ' என்றுதான் கேட்டிருப்போம்.

இது வெறும் பழங்கதை இல்லை. என் புரோகிராம் எல்லா 'செ'யையும் 'தன்னை, தனக்கு' என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரே முகம், ஆனால் வேறு வேறு தாய் வயிற்றுப் பிள்ளைகள்: ஒன்று லத்தீன் 'சே', மற்றது 'இல்லி'. இப்போது இரண்டையும் பிரித்துவிட்டேன். அந்த இரண்டு நண்பர்களுக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சு. நோட்டில் இருந்த வரியை அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'ஜெலோ' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.